அம்மம்மாவிடம் 83ஐக் கேட்பது எப்படி

83 என்றால் 1983 ஜூலையில் இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரம். "கலவரத்தில் என்ன நடந்தது?" என்று நேராகக் கேட்காதீர்கள். "அதெல்லாம் இப்ப எதுக்கு" என்று எழும்பிப் போய்விடுவா. ஒரு பொருளில் தொடங்குங்கள்: கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் இருந்த தையல் மெஷின் எங்கே, பழைய அல்பத்தில் ஏன் 83க்கு முந்தின படம் ஒன்றும் இல்லை, அந்த மாதிரி. போனில் பதிவு செய்வதென்றால் முதலே சொல்லிவிடுங்கள், ஒளித்து வைத்துப் பதிவது சரியில்லை.

திகதி கேட்டுக் குடையவேண்டாம், கிழமை கேளுங்கள். ஜூலை 24 ஞாயிறு இரவு பொரளைப் பக்கம் தொடங்கியது, திங்கள் பகல் கொழும்பு முழுக்க எரிந்தது, 29 வெள்ளிக்கிழமை விடுதலைப் புலிகள் கொழும்புக்குள் வந்துவிட்டார்கள் என்ற வதந்தியில் இன்னொரு அலை. பலருக்குத் திங்களும் வெள்ளியும் ஒன்றோடொன்று கலந்துவிட்டிருக்கும், அது பொய் இல்லை.

பிறகு கொழும்பு 7இல் இருக்கும் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் அந்த வாரப் பத்திரிகைகளைக் கேட்டுப் பாருங்கள். அப்போது செய்தித் தணிக்கை இருந்தது, ஆகவே அம்மம்மா சொன்னது அதில் இல்லையென்றால் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. எது அச்சில் வரவில்லை என்பதைத் தனியாகக் குறித்து வையுங்கள், என்னைக் கேட்டால் அந்தக் குறிப்புதான் இந்த வேலையிலேயே பெறுமதியானது.

ஒளித்து வைத்துக் காப்பாற்றிய சிங்களப் பக்கத்து வீட்டுக்காரரின் பெயரையும் கேளுங்கள். கதையாக எழுதினால் அந்தப் பெயரை மாற்றிவிடுங்கள். அழுதால் போனை நிறுத்தி, தேத்தண்ணி போட்டுக் கொடுங்கள். மிச்சத்தை இன்னொரு நாள் கேட்கலாம்.