காவிரி பற்றிக் குரலை உயர்த்துவதற்கு முன்னால்

2023 ஆவணி மாசம், ஒரத்தநாடு பக்கம் ஒரு கிரகப்பிரவேசம். பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு வந்ததும் காவிரிப் பேச்சும் வந்தது. கர்நாடகம் 15 நாளைக்கு வினாடிக்கு 5,000 கன அடி விட வேண்டும் என்று உத்தரவு வந்திருந்த சமயம். நான் சென்னையிலிருந்து போனவன், பஸ்ஸில் பார்த்த ஒரு வீடியோ இன்னும் மண்டையில் சூடாக இருந்தது. “அதான் ஐயாயிரம் வருதுல்ல, நம்மாளுங்க சேமிக்கத் தெரியாம கடல்ல விட்டுட்டு அழுவுறாங்க” என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி பேசினேன். பெரியப்பா சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே, “ஐயாயிரம்னா எவ்வளவு தம்பி?” என்றார். “ஐயாயிரம் கன அடி பெரியப்பா.” “அதான், அது எவ்வளவு?”

பதில் இல்லை. அந்த அவமானத்தில் கற்றுக்கொண்டதைத்தான் கீழே சொல்கிறேன், யாருக்காவது அடுத்த முகூர்த்தத்துக்கு உதவலாம்.

முதலில், கருத்து எங்கிருந்து வந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். என்னுடையது அந்த வீடியோக்காரர் சொன்ன அதே வாக்கியம், “அழுவுறாங்க” உட்பட. வார்த்தை மாறாமல் வாயில் வருகிறது என்றால் அது உள்ளே போய்ச் செரிக்கவில்லை, அப்படியே திரும்பி வருகிறது, அவ்வளவுதான். தெரியாமலே ஏன் கத்துகிறோம்? காவிரி மாதிரி விஷயத்தில் கருத்து என்பது பாதி நேரம் நான் எந்தப் பக்கத்து ஆள் என்று காட்டும் அடையாள அட்டை, சும்மா இருந்தால் ‘இவன் நம்மாளா’ என்கிற சந்தேகம் வந்துவிடும். இன்னொரு காரணமும் உண்டு, நமக்குத் தெரியும் என்று நாமே உண்மையாக நம்புகிறோம். 2002-ல் ரோசன்பிளிட், கைல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஜிப், கழிப்பறை ஃப்ளஷ் மாதிரி தினம் கையாளும் பொருள்கள் எப்படி வேலை செய்கின்றன என்று ஆட்களிடம் கேட்டார்கள். தெரியும் என்று சொன்னவர்களையே படிப்படியாக விளக்கச் சொன்னதும், அவர்கள் தங்களுக்கே கொடுத்த மதிப்பெண் இறங்கிவிட்டது. ஜிப்புக்கே இந்த நிலை, காவிரியை என்ன சொல்ல.

அடுத்தது, எண்ணை உடைத்துப் பாருங்கள். இதுதான் முக்கியமான வேலை, ஒரு துண்டுச் சீட்டு போதும். கன அடி என்று பேப்பரில் போடுவது வினாடிக்கு. ஒரு நாளில் 86,400 வினாடி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. ஆக, வினாடிக்குச் சுமார் 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால்தான் ஒரு டி.எம்.சி. நான் பெரிதாகச் சொன்ன ஐயாயிரத்தை 15 நாளைக்குக் கூட்டினால் ஆறரை டி.எம்.சி. கூட முழுசாக இல்லை. மேட்டூரின் கொள்ளளவு 93.47. பேராவூரணி கடைமடையில் நிற்கிறவருக்கு அந்த ஆறரை எப்படித் தெரியும் என்று அப்புறம்தான் உறைத்தது.

பிறகு, எந்த வருஷத்துக் கணக்கு என்று பாருங்கள். கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு வருஷத்துக்கு விட வேண்டியது 192 டி.எம்.சி. என்று காவிரி நடுவர் மன்றம் 2007-ல் சொன்னது, உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் அதை 177.25 ஆக்கியது. இன்னும் 192-ஐப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த அளவு கணக்கிடப்படுவது எல்லையில் இருக்கிற பிலிகுண்டுலுவில். கர்நாடகத்து கே.ஆர்.எஸ். அணையிலிருந்து எவ்வளவு திறந்தார்கள் என்பது வேறு எண். மாசத்துக்கு மாசம் பங்கும் மாறும், செப்டம்பருக்கு 36.76. வகுத்துப் பார்த்தால் அது சராசரியாக வினாடிக்கு 14,000 கன அடிக்குக் கொஞ்சம் மேலே. ஐயாயிரம் அதில் மூன்றில் ஒரு பங்குதான்.

‘அப்ப ஏமாத்துறாங்க’ என்று இங்கே குதிக்கத் தோன்றும். நானும் குதித்தேன். சரி, கொஞ்சம் பொறுங்கள். அந்த 36.76 சாதாரண மழை வருஷத்துக்கு. 2023 ஆகஸ்டில் நாடு முழுக்க மழை பொய்த்தது. பற்றாக்குறை வருஷத்தில் பங்கை விகிதப்படி குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆக உண்மையான தகராறு, எவ்வளவு குறைந்தது, அதை யார் எவ்வளவு தாங்குவது என்பதில். இதைக் கர்நாடகத்து மாண்டியா விவசாயி எப்படிச் சொல்வார் என்று அவர் இடத்தில் நின்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அவர் கேட்டுவிட்டு ‘ஆமாம், இதைத்தான் சொல்றேன்’ என்று ஒத்துக்கொள்கிற மாதிரி. அது வரவில்லை என்றால் நமக்கு விஷயம் பாதிதான் தெரியும்.

கடல் சமாச்சாரமும் இப்படித்தான். தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவது என்று நடுவர் மன்றமே காவிரியின் வருஷ மொத்தம் 740-ல் 4 டி.எம்.சி. ஒதுக்கியிருக்கிறது. மேட்டூர் 120 அடி நிரம்பி, கொள்ளிடத்தில் வெள்ளம் போகிற வருஷத்தில் சேமிப்பு பற்றிக் கேளுங்கள், நியாயமான கேள்வி. நான் குறுவை காய்கிற வருஷத்தில் போய்க் கேட்டேன்.

கடைசியாக, எதிரில் ஒருவர் சத்தமாக ஆரம்பித்தால் எண்களை எடுத்து அடிக்காதீர்கள், அவர் சத்தம்தான் கூடும். பெரியப்பா கேட்ட மாதிரி, குரலை ஏற்றாமல் ‘அது எவ்வளவு?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். போன மாசம் தம்பி மகன் வேகமாக ஆரம்பித்தபோது கேட்டேன். போனை எடுத்தான், தேடினான், நிமிர்ந்து பார்த்தான்.

“பெரியப்பா, கன அடின்னா நிமிஷத்துக்கா, வினாடிக்கா?”