ஹட்டன் பக்கத்துக் கடைக்கு எந்த லெப்டொப்?

ஹட்டன் டவுனில் நான் கொமியூனிகேஷன் கடை போட்டு இது பதினோராவது வருடம். போட்டோகொப்பி, டைப்பிங், பரீட்சை விண்ணப்பம், வேலைக்குப் போடும் பயோடேட்டா எல்லாம் செய்து கொடுக்கிறேன். மாதத்துக்கு இரண்டு பேராவது வந்து, "அக்கா, கடைக்கு ஒரு லெப்டொப் எடுக்கணும், எது நல்லது?" என்று கேட்கிறார்கள். வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்கும்போது சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மெஷினைப் பார்ப்பதற்கு முன் உங்கள் வேலையைப் பாருங்கள். எதிர்க்கடைத் தையல்கார அக்காவுக்கு வேண்டியது வாடிக்கையாளரின் அளவு, முற்பணம், உடுப்பு கொடுக்கும் தேதி. ஒரு எக்செல் தாள் போதும். நுவரெலியாவிலிருந்து கரட், லீக்ஸ் ஏற்றும் தம்பி ஒருவர் வருவார். அவர் நாள் முழுக்க எடை, விலை, லொறிக்கூலி என்று எண்தான் அடிக்கிறார். கீபோர்டின் வலது பக்கம் எண்களுக்குத் தனிக் கட்டை இருந்தால்தான் அவருக்குக் கை ஓடும். 15.6 அங்குல மெஷின்களில் அது பெரும்பாலும் இருக்கும், 14 அங்குலத்தில் இருக்காது. கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்களுக்கு வேண்டியது வேறு மாதிரி மெஷின், அதை இங்கே பேசவில்லை.

என் முதல் லெப்டொப்பைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். புத்தம் புதுசு, மெல்லிசு, பார்க்க அழகு, விலையும் குறைவு. 4 ஜிபி ரேம் (வேலை நடக்கும்போது மெஷின் பாவிக்கும் நினைவகம்), 64 ஜிபி சேமிப்பு. அந்த 64 ஜிபியும் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பு கிடையாது, போர்டிலேயே ஒட்டி வருகிற, மெதுவான ஈஎம்எம்சி. விற்றவர் அதைச் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. எட்டு மாதத்தில் விண்டோஸும் அதன் அப்டேட்டுகளுமே இடத்தை நிரப்பிவிட்டன. விண்ணப்ப முடிவுத் தேதிக்கு முதல் நாள், வெளியே மழையில் பிள்ளைகள் குடையோடு நிற்கிறார்கள், உள்ளே திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இரண்டு பிள்ளைகளை வேறு கடைக்கு அனுப்பினேன். அந்த முகங்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன. வொரண்டிக்காகக் கடையைப் பூட்டிவிட்டு விடியற்காலை பஸ் ஏறிக் கொழும்புக்குப் போனேன். "இது பழுது இல்லை, மெஷினே இவ்வளவுதான்" என்றார்கள்.

ஆகவே 8 ஜிபி ரேமுக்குக் கீழே எடுக்க வேண்டாம். பிறகு கூட்டிக்கொள்ள ரேமுக்கு இன்னொரு இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள், சில மெஷின்களில் ரேம் போர்டிலேயே ஒட்டியிருக்கும். சேமிப்பு எஸ்எஸ்டியாக இருக்க வேண்டும், 256 ஜிபி போதும். இவை இரண்டும் சரியாக இருந்தால் பில், கணக்கு, டைப்பிங் வேலைக்கு இன்டெல் ஐ3 புரொசெசர் கூடத் தாராளம். ஐ7 என்ற ஸ்டிக்கருக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் எடுக்கலாமா? எடுக்கலாம். மலிவான புது மெஷினைவிட, பெரிய கம்பெனிகள் பாவித்து மாற்றிய லெனோவோ திங்க்பேட், டெல் லாட்டிடியூட், எச்பி எலைட்புக் வகைகளைத்தான் நான் சிபாரிசு செய்வேன். அலுவலக வேலைக்கென்றே செய்தவை, கீபோர்ட் உறுதி, உதிரிப்பாகமும் கிடைக்கும். ஆனால் விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு (பாதுகாப்பு அப்டேட்டுகள்) 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஏற, இன்டெல் புரொசெசர் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையாவது வேண்டும். ஐ5க்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 7200 என்றால் 7ஆம் தலைமுறை, விட்டுவிடுங்கள். 8250 என்றால் 8ஆம் தலைமுறை, 1135 என்றால் 11ஆம் தலைமுறை. இன்னொன்று, கடையிலேயே மெஷினை ரீசெட் செய்து, இன்டர்நெட்டில் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஏதாவது கம்பெனியின் பெயரோடு லொகின் கேட்டால் அது இன்னும் அந்தக் கம்பெனியின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

இனி பெட்டரி. நம் ஊரில் இதற்குத்தான் நான் அதிகம் மெனக்கெடுவேன். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது என் டெஸ்க்டொப்பின் யூபிஎஸ் பத்து நிமிடத்தில் கத்தத் தொடங்கிவிடும். இப்போதும் காற்று மழைக்கு மரம் விழுந்தால் லைன் போய்விடுகிறது. பெட்டரியின் அளவு வாட்-மணியில் இருக்கும். பில்லும் டைப்பிங்கும் மணிக்குச் சுமார் 10 வாட்-மணி இழுக்கும் என்று வைத்தால், 50 வாட்-மணி பெட்டரி நான்கைந்து மணித்தியாலம் தாங்கும். பாவித்த மெஷினில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க விண்டோஸிலேயே பெட்டரி ரிப்போர்ட் இருக்கிறது, எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். செய்தபோது 50,000 மில்லிவாட்-மணி (அதாவது 50 வாட்-மணி), இப்போது முழுதாக ஏறுவது 30,000 என்று இருந்தால் 60 வீதம்தான் மிச்சம். அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம், அல்லது புதுப் பெட்டரி போட்டுத் தரச் சொல்லலாம்.

லெப்டொப் ஓடினாலும் ரவுட்டர் நின்றால் வேலை நிற்கும். ரவுட்டருக்கென்று சின்ன யூபிஎஸ் விற்கிறார்கள், அதையும் சேர்த்து வாங்குங்கள். லேசர் பிரிண்டர் சூடாகும்போது நூற்றுக்கணக்கான வாட் இழுக்கும், சின்ன இன்வெர்ட்டர் தாங்காது. மை ஊற்றும் டேங்க் பிரிண்டர் என்றால் சமாளிக்கலாம்.

அடுத்தது தமிழ். கடைக்குப் போகும்போது பென் டிரைவில் உங்கள் பழைய கடிதம் ஒன்றைக் கொண்டுபோங்கள். நம்மிடம் இருக்கும் பழைய கோப்புகளில் பாதி பாமினியில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் தமிழ் முழுக்க ஆங்கில எழுத்தும் குறியுமாக நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், பாமினியை ஏற்றினால் சரியாகிவிடும். ஆனால் புதிதாக அடிப்பதை யூனிகோடில் அடியுங்கள். ஒன்லைன் படிவத்திலும் வட்ஸ்அப்பிலும் அதுதான் அப்படியே போய்ச் சேரும். விண்டோஸில் தமிழ்க் கீபோர்ட் உள்ளேயே இருக்கிறது, செட்டிங்ஸில் சேர்த்துக்கொண்டால் போதும்.

விலை கேட்கும்போது 18 வீத வற் வரியும் சேர்த்தா என்று கேளுங்கள். பில்லில் கடையின் பெயர், சீரியல் நம்பர், வொரண்டிக் காலம் மூன்றும் எழுதியிருக்க வேண்டும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் தெரிவுகள் அதிகம், விலையும் பேசலாம். ஆனால் பழுதானால் யார் பார்ப்பது? ஹட்டனிலோ கண்டியிலோ அந்த வகை மெஷினைத் திறந்து பழகிய ஒருவரிடம் முதலில் கேட்டுவிட்டுப் போங்கள். ஒரு தடவை கொழும்புக்குப் போய் வந்தால் ஒரு நாள் வியாபாரம் போகும், அதையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

கடைசியாக, நம் குளிரும் ஈரமும். விடியற்காலை பஸ்ஸில் கொண்டுவந்த குளிர்ந்த மெஷினை, கேத்தல் கொதிக்கும் அறையில் வைத்த உடனே போடாதீர்கள். மூக்குக் கண்ணாடியில் ஆவி படிவது மாதிரி உள்ளேயும் நீர் படியும். அரை மணித்தியாலம் பையிலேயே இருக்கட்டும். இரவில் சுவரோரமாகவோ சிமெந்துத் தரையிலோ வைக்காமல் மேசை மேல் வையுங்கள். மே மாதம் மழை பிடித்தால் பல நாள் வெயிலே இருக்காது, அப்போது பாவிக்காவிட்டாலும் தினமும் கொஞ்ச நேரம் போட்டு விடுங்கள்.

போன மாதம் தையல்கார அக்காவோடு நானும் போனேன். 8ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி, 256 எஸ்எஸ்டி, பெட்டரி 82 வீதம். பிளக் மட்டும் சதுர முள், அவர் கடைச் சுவரில் பழைய வட்டத் துளை. கன்வெர்ட்டர் வேண்டாம், ஆட்டம் கண்டால் சூடாகும் என்று சொல்லி, சார்ஜரின் வயரை மட்டும் வட்ட முள் உள்ளதாக மாற்றி வாங்கினோம்.