வெஞ்சனம் கேட்கும் நாய்க்கு டிரை ஃபுட் பழக்குவது எப்படி?

எங்கள் வீட்டு நாய்க்குப் பெயர் மொக்கை. குட்டியாக இருந்தபோது மூக்கு அப்படி இருந்ததால் அப்பத்தா வைத்த பெயர். பாதி நாட்டு நாய், மீதி என்னவென்று தெருவில் யாருக்கும் தெரியாது. மதுரைக்குப் பக்கத்தில் நாகமலைப்புதுக்கோட்டையில் வீடு, தெருமுனையில் பரோட்டாக் கடை. முதல் தடவை டிரை ஃபுட் (கடையில் பாக்கெட்டில் விற்கும் உலர்ந்த நாய்த் தீனி) வாங்கி வந்து கிண்ணத்தில் கொட்டியபோது மொக்கை முகர்ந்து பார்த்தது. ஒன்றே ஒன்றை வாயில் எடுத்து, அலுங்காமல் தரையில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தது. திண்ணையிலிருந்து அப்பத்தா, "வெஞ்சனம் இல்லாம வெறுஞ்சோத்த நீ திம்பியாடா? அது மட்டும் எப்படித் திங்கும்?" என்றார். வெஞ்சனம் என்றால் எங்கள் பக்கத்தில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது.

இப்போது ஐந்தாறு நிமிடத்தில் கிண்ணம் காலியாகிறது. இதற்கு ஒரு மாதம் பிடித்தது. அதில் பாதி நாட்கள் என் தவறுகளால் வீணானவை. புதிதாக நாய் வளர்ப்பவர்கள் அந்த நாட்களை மிச்சப்படுத்திக்கொள்ளட்டும் என்றுதான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில்: அடம் பிடிக்கிறதா, உடம்பு சரியில்லையா?

இதைப் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். ஒரு அவித்த முட்டையை உரித்துக் காட்டுங்கள். பாய்ந்து வந்து முழுங்கிவிட்டு, தீனியை மட்டும் ஒதுக்கினால் அது பெரும்பாலும் அடம்தான். முட்டையையும் முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டால் டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

நம் பக்கத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது உண்ணிக் காய்ச்சல். காது மடலுக்குள்ளும் கால் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், வெளுத்திருந்தால் காத்திருக்கக் கூடாது. மூக்கு காய்ந்திருக்கிறதா, ஈரமாக இருக்கிறதா என்பதை வைத்துக் காய்ச்சலைச் சொல்ல முடியாது. நாயின் இயல்பான சூடே நம்மைவிட அதிகம், 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. அதனால் தொட்டுப் பார்த்தும் தெரியாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, ஒரு பக்கமாகவே மெல்லுவது, வாய் நாற்றம் இவையும் டாக்டர் பார்க்க வேண்டியவை.

இன்னொன்று. கீழே சொல்லப்போகும் முறை வளர்ந்த, ஆரோக்கியமான நாய்க்கு மட்டும். குட்டிகள், கையில் தூக்கி வைத்துக்கொள்ளும் சின்ன ரகங்கள், சினையாக இருப்பவை, சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவை ஆகியவற்றைப் பட்டினி போட்டுப் பழக்கக் கூடாது. சின்னக் குட்டி சில வேளை சாப்பிடாமல் போனாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும்.

அடுத்து: மூன்று நாள் கணக்கு

ஒரு பழைய காலண்டர் தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். வீட்டில் யார், எப்போது, எதைப் போட்டாலும் அதில் எழுத வேண்டும். நாயிடம் எதையும் மாற்றாதீர்கள், எழுத மட்டும் செய்யுங்கள்.

எங்கள் தாளில் முதல் நாள் இப்படி வந்தது. காலையில் அப்பா காபி குடிக்கும்போது குளுக்கோஸ் பிஸ்கட் நான்கு. எட்டரைக்கு அம்மா இரண்டு இட்லி. மதியம் அப்பத்தாவின் தட்டு மிச்சத்தோடு தயிர்ச்சோறு. சாயங்காலம் தம்பி வாங்கி வந்த ரஸ்க். ராத்திரி ஒரு பரோட்டா, அதுவும் சால்னாவில் ஊறவைத்து. கடைசி வரியில் என் கையெழுத்து: "டிரை ஃபுட் சாப்பிடவில்லை."

இப்போது கணக்குப் போடுவோம். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்தால் அதன் எடை வந்துவிடும். மொக்கை 12 கிலோ. அந்த எண்ணை மூன்று முறை பெருக்குங்கள்: 12 × 12 × 12 = 1728. கால்குலேட்டரில் வர்க்கமூலம் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் ஏறக்குறைய 6.45 வரும். அதை 70-ஆல் பெருக்கினால் சும்மா படுத்திருக்கவே தேவைப்படும் கலோரி, சுமார் 450. கருத்தடை செய்த, வீட்டோடு இருக்கும் நாய்க்கு அதை 1.6-ஆல் பெருக்க வேண்டும். 720 வருகிறது. இது தொடக்கக் கணக்குதான், ஓடியாடும் நாய்க்குக் கூடும், சோம்பேறிக்குக் குறையும்.

பிஸ்கட் நான்கில் சுமார் 100. இட்லி இரண்டில் இன்னொரு 100. பரோட்டா ஒன்றே 200-க்கு மேல். தயிர்ச்சோற்றையும் ரஸ்க்கையும் சேர்த்தால் 720-ஐத் தொட்டுவிடுகிறது. வயிறு நிறைந்த நாயின் முன்னால் தீனியை வைத்துவிட்டு, சாப்பிட மாட்டேன் என்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். மொக்கையின் வாயில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு எங்கள் ஐந்து பேரின் கைகளில் இருந்தது.

சால்னா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் வெங்காயமும் பூண்டும் அரைத்து ஊற்றியிருக்கிறது. இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. அன்றைக்கே தெரியாது, சில நாள் கழித்து நாய் சோர்ந்து, ஈறு வெளுக்கும்போதுதான் தெரியும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. கறிக்குழம்பு, குடல் குழம்பு எல்லாவற்றுக்கும் இதேதான். வேகவைத்த எலும்பும் வேண்டாம், ஈட்டி மாதிரிப் பிளந்து குடலில் குத்தும். திராட்சை, சாக்லேட் பக்கமே போகாதீர்கள்.

தீனி வாங்கும்போது

எந்தக் கம்பெனித் தீனியாக இருந்தாலும் நம் ஊரில் அதற்குப் பெயர் பெடிகிரிதான். "அண்ணே, ஒரு கிலோ பெடிகிரி" என்றால் கடைக்காரர் கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுப்பார். வயதைப் பார்த்து வாங்குங்கள், குட்டிக்கானது வேறு, வளர்ந்ததற்கானது வேறு. பழகும்வரை பெரிய மூட்டை வேண்டாம், சின்னப் பாக்கெட் போதும்.

சில்லறையாக எடை போட்டுத் தருவதை வாங்கி நான் ஏமாந்தேன். தீனியைச் சூட்டில் வேகவைத்து அச்சில் பிழிந்து காயவைத்த பிறகு மேலே கொழுப்பும் வாசனையும் பூசுகிறார்கள். நாயை இழுப்பது அந்தப் பூச்சுதான். மூட்டை நாள்கணக்கில் திறந்து கிடந்தால் முதலில் கெடுவதும் அதுதான். அந்தக் கடைத் தீனியை மூக்கில் வைத்தபோது காறிப்போன எண்ணெய் வாடை அடித்தது. மொக்கை ஒதுக்கியதில் தப்பே இல்லை. மூடிய பாக்கெட்டாகத் தேதி பார்த்து வாங்கி, பாக்கெட்டோடு அப்படியே எவர்சில்வர் டப்பாவுக்குள் இறக்கி மூடுங்கள். திறந்தால் ஒரு மாதத்துக்குள் தீர்ந்துவிடும் அளவே வாங்குவது நல்லது.

கலக்கும் பத்து நாட்கள்

ஒரே நாளில் மாற்றினால் வயிறு கழியும், அடமும் கூடும். முதல் மூன்று நாள் கால் பங்கு டிரை ஃபுட், முக்கால் பங்கு பழைய சாப்பாடு. அடுத்த மூன்று நாள் பாதிக்குப் பாதி. அதற்கடுத்த மூன்று நாள் முக்கால் பங்கு தீனி. பத்தாம் நாள் முழுவதும் தீனி. நடுவில் வயிறு இளகினால் மேலே ஏற்றாமல், இருக்கும் அளவிலேயே இன்னும் இரண்டு நாள் நில்லுங்கள்.

பழைய சாப்பாடு என்று சொன்னது சோறும் வேகவைத்த கோழியும். உப்பு, வெங்காயம், மசாலா எதுவும் இல்லாமல், எலும்பு எடுத்தது.

என்னுடைய பெரிய தவறு இந்த இடத்தில்தான் நடந்தது. தீனிக்கு மேலே கோழித்துண்டுகளை அழகாக அடுக்கி வைத்தேன். மொக்கை கோழியை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, தீனியைப் பல்லாங்குழி ஆடுகிற மாதிரி ஒவ்வொன்றாகத் தரையில் எடுத்து வைத்தது. நான்கு நாள் இப்படியே போனது. பொறுக்க முடியாதபடி பிசைவதுதான் வழி. கோழி வெந்த தண்ணீரைக் கை பொறுக்கும் சூட்டில் தீனி மேல் ஊற்றி, ஐந்து பத்து நிமிடம் ஊறவிடுங்கள். சூடு பட்டதும் தீனியின் வாசனை எழும்பும். நாய் மூக்கால் சாப்பிடும் பிராணி, நாக்கு அதற்கு இரண்டாம்பட்சம். பிறகு கோழியை நார் நாராகப் பிய்த்துப் போட்டு, குழந்தைக்குச் சோறு பிசைவதுபோலப் பிசைந்துவிடுங்கள். அடுத்த வேளைக்கு மொக்கையால் பிரிக்க முடியவில்லை. கிண்ணத்தைச் சுற்றி இரண்டு நடை நடந்துவிட்டுச் சாப்பிட்டது.

பத்து நாள் முடிந்ததும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். கடைசியில் சும்மா தெளித்தால் போதும் என்ற நிலை வரும். அதுவும் வேண்டாம் என்றால் நிறுத்தலாம். தெளிப்பைத் தொடர்ந்தாலும் ஒன்றும் குறையில்லை. நான் இன்னும் தெளிக்கிறேன்.

ஊறவைத்த தீனி நம் ஊர் வெக்கையில் சீக்கிரம் புளித்துவிடும். மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்.

இருபது நிமிடம்

இதுதான் கஷ்டமான பகுதி, அதுவும் நமக்குத்தான் கஷ்டம். ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஒரே இடம், ஒரே நேரம். கிண்ணத்தை வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து "சாப்புடுறா செல்லம்" என்று கெஞ்சக் கூடாது, ஊட்டக் கூடாது. இருபது நிமிடம் ஆனதும், தின்றிருந்தாலும் தின்னாவிட்டாலும், பேசாமல் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். அடுத்த வேளை வரை தண்ணீர் மட்டும். எடுத்துவிடுவதில் இன்னொரு லாபம், எறும்பு வராது. வைக்கும் இருபது நிமிடத்துக்கும் எங்கள் வீட்டில் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில்தான் கிண்ணம்.

முதல் நாள் மொக்கை இரண்டு வேளையும் தொடவில்லை. ராத்திரி பத்து மணிக்கு கேட் பக்கம் போய் பரோட்டாக் கல் தட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றது. அப்பத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "வாயில்லா ஜீவன்டா, பாவம் பொல்லாதது" என்றார். மறுநாள் காலையில் பாதிக் கிண்ணம் போனது. ராத்திரி முக்கால்.

ஆரோக்கியமான பெரிய நாய் ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. ஒரு நாளைத் தாண்டியும் எதையும் தொடவில்லை, அல்லது தண்ணீரும் குடிக்கவில்லை என்றால் பிடிவாதம் பிடிக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

கிண்ணத்தைப் பார்த்து உங்களுக்கே சந்தேகம் வரும். மொக்கையின் தீனியில் 100 கிராமுக்கு 350 கலோரி இருக்கிறது, பாக்கெட்டில் போட்டிருக்கும். அப்படியானால் நாளைக்கு 200 கிராம், வேளைக்கு 100. வெந்த சோற்றில் அதே 100 கிராமுக்கு 130 கலோரிதான். எனவே தட்டு நிறையச் சோறு பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தீனி கொசுறு மாதிரித் தெரியும். "இது காணுமாடா?" என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். காணும், போதுமான அளவுதான். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது. அப்படி இருந்தால் அளவு சரி.

வெயிலும் தண்ணீரும்

சித்திரை, வைகாசியில் எந்த நாயும் குறைவாகத்தான் சாப்பிடும். அக்னி நட்சத்திரத்தில் மத்தியானம் தீனி வைத்துவிட்டு அடம் என்று திட்டாதீர்கள். காலை ஆறு மணிக்குள் ஒரு வேளை, பொழுது சாய்ந்து ஏழரைக்கு ஒரு வேளை. டிரை ஃபுட்டில் ஈரம் பத்து சதவீதம் அளவுதான், அதனால் தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். அகலமான மண்சட்டியில் நிழலில் வையுங்கள், பிளாஸ்டிக்கில் வைத்தால் பத்து மணிக்கே வெந்நீராகிவிடும்.

விருந்தாளிகளும் அப்பத்தாவும்

அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் மூன்று நாள் எங்கள் வீட்டில் தங்கினார்கள். பதினான்கு பேர். ஆளுக்கு ஒரு வாய் கொடுத்ததில் மொக்கை மறுபடி பழைய மொக்கையாகிவிட்டது. கோபப்பட்டுப் பயனில்லை. அவர்கள் ஊருக்குப் போனதும், பத்து நாளை நான்கு நாளாகச் சுருக்கி அதே முறையை மறுபடி செய்தேன். இந்தத் தடவை சீக்கிரம் பிடித்துக்கொண்டது.

அப்பத்தாவை மட்டும் எந்தக் காலண்டர் தாளாலும் கட்டுப்படுத்த முடியவில்லை. கொடுக்காமல் இருக்க அவரால் முடியாது. அதனால் கொடுக்கும் பொருளை மாற்றினேன். காலையில் அன்றைய 200 கிராமை அளக்கும்போதே அதிலிருந்து 20 கிராமை எடுத்து அவருடைய பழைய வெற்றிலை டப்பாவில் போட்டுக் கொடுத்துவிடுகிறேன். கிண்ணத்துக்கு மிச்சம் 180. நாள் முழுக்க அவர் ஒன்றொன்றாகக் கொடுத்துக்கொண்டே இருக்கலாம், கணக்கும் கூடாது. கிண்ணத்தில் இருந்தபோது கல் மாதிரி இருந்த அதே தீனிக்கு, டப்பா மூடி திறக்கும் சத்தம் கேட்டாலே மொக்கை இப்போது கொல்லைப்புறத்திலிருந்து ஓடி வருகிறது.

"நான் குடுத்தா மட்டும் திங்குது பாரு" என்கிறார் அப்பத்தா. நான் ஒன்றும் சொல்வதில்லை.