கதைத்துக்கொண்டே ஓடலாம்: திருகோணமலையில் புதியவரும் பழகியவரும் சேர்ந்து பயிற்சி செய்ய

புதிதாக ஓட வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்றாம், நான்காம் கிழமையில்தான் நின்றுபோகிறார்கள். காரணம் சோம்பல் என்று வீட்டில் சொல்வார்கள், அது சரியல்ல. இரண்டு கிழமையில் நெஞ்சும் மூச்சும் பழகத் தொடங்கிவிடும். எலும்பும் தசைநாரும் அதே சுமைக்குப் பழக மாதக்கணக்காகும். மூச்சு இடம்கொடுக்கிறதே என்று வேகத்தைக் கூட்டுவார்கள், கணைக்கால் எலும்பு வலிக்கத் தொடங்கும், அதோடு சப்பாத்து மூலைக்குப் போய்விடும்.

பல வருடம் ஓடியவருக்கு வேறு சிக்கல். மெதுவாக ஓட வேண்டிய நாளிலும் அவரால் மெதுவாக ஓட முடியாது. ஒவ்வொரு நாளும் அரைவேகம், முக்கால்வேகம் என்று ஓடி, களைப்பு ஆறாமலே அடுத்த கடின நாளுக்குப் போவார். இந்த இரண்டு பேரையும் கிழமையில் இரண்டு நாள் சேர்த்து ஓடவிட்டால் இருவர் சிக்கலும் பாதி தீரும். ஆனால் எப்படிச் சேர்ந்து ஓடுவது என்று முதலில் பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

வேகம் புதியவருடையது

சேர்ந்து ஓடும் நாளில் வேகத்தைப் புதியவரின் மூச்சுத்தான் தீர்மானிக்கும். அளக்கக் கருவி எதுவும் தேவையில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே பழகியவர் கேட்கட்டும்: "தம்பி, இரவு என்ன சாப்பாடு?" "புட்டும் மீன்குழம்பும், பிறகு ஒரு வாழைப்பழம்" என்று ஒரே மூச்சில் பதில் வந்தால் வேகம் சரி. "புட்டு..." என்று நிறுத்தி, மூச்சு இழுத்து, "...மீன்குழம்பு" என்று வந்தால் வேகம் கூடிவிட்டது. தலையை மட்டும் ஆட்டினால் உடனே நடையாக்குங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இப்படி ஏதாவது கேட்பது போதும்.

பழகியவர் எங்கே ஓடுகிறார் என்பதும் முக்கியம். ஓரடி முன்னால் போனாலே புதியவர் தன்னை அறியாமல் எட்டிப்பிடிக்கப் பார்ப்பார். தோளுக்குத் தோளாக, அல்லது அரை அடி பின்னால் ஓடுங்கள். மெதுவாக ஓடும்போது மேலே துள்ளித் துள்ளி ஓடாதீர்கள். துள்ளினால் உங்கள் கெண்டைக்கால்தான் பிடித்துக்கொள்ளும். எட்டைச் சிறிதாக்கி, காலை நிலத்துக்குக் கிட்டவே வைத்து ஓடினால் கிலோமீற்றருக்கு 8 நிமிடம் என்ற வேகமும் உடம்புக்கு ஒத்துப்போகும்.

முதல் இரண்டு கிழமைக்கு 5 நிமிட நடை, பிறகு 1 நிமிட ஓட்டமும் 2 நிமிட நடையுமாக 8 தடவை, கடைசியில் மீண்டும் 5 நிமிட நடை. கிழமைக்கு மூன்று நாள், இடையில் ஒரு நாளாவது ஓய்வு. மூன்றாம், நான்காம் கிழமையில் 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 6 தடவை. ஐந்து, ஆறில் 4 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 5 தடவை. ஏழு, எட்டில் 8 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 3 தடவை. அதன் பிறகு 20 நிமிடம் நிற்காமல் ஓடிப் பார்க்கலாம். எந்தக் கிழமை கஷ்டமாக இருந்ததோ அதையே இன்னொரு கிழமை செய்யுங்கள். நடை என்றால் தோல்வி என்று நினைக்க வேண்டாம். நடையும் திட்டத்தில் எழுதப்பட்ட வேலைதான். அதனால் அந்த நேரத்தில் "நிக்காத, ஓடு" என்று யாரும் சத்தம் போடக் கூடாது.

ஆட்கள் கூடிவிட்டால், ஐந்தாறு பேர் ஐந்தாறு வேகம் என்றால், நேரத்தை வைத்துத் திரும்புங்கள். எல்லோரும் ஒரே இடத்தில் தொடங்கி, ஒரே திசையில், அவரவர் வேகத்தில் போவது. சரியாக 15 நிமிடம் ஆனதும் யார் எங்கே நின்றாலும் அங்கேயே திரும்புவது. போன வேகத்திலேயே திரும்பினால் எல்லோரும் ஒரே நேரத்தில் தொடங்கிய இடத்துக்கு வந்து சேர்வார்கள். வேகமானவர் கடைசி நிமிடங்களில் பின்னாலிருந்து வந்து சேர்ந்துகொள்வார், யாரும் தனியே விடுபட மாட்டார்கள். முதல் பாதியில் அவசரப்பட்டவர் பிந்தி வருவார். அதைப் பார்த்தாலே அவருக்குத் தன் வேகம் விளங்கும், யாரும் சொல்ல வேண்டியதில்லை.

எங்கே, எந்த நேரம்

தொடக்கத்துக்கு உட்துறைமுக வீதியும் டச்சு பே கடற்கரைப் பக்கமும் நல்லவை. மேடுபள்ளம் குறைவு, வீட்டுக்குத் திரும்புவதும் சுலபம். உவர்மலை ஏற்றத்தையும், பிரெட்ரிக் கோட்டைக்குள் திருக்கோணேஸ்வரம் போகும் ஏற்றத்தையும் மூன்று மாதம் கழித்து வைத்துக்கொள்ளலாம். கோட்டைக்குள் பக்தர்கள் நடந்து போவார்கள், மான்கள் குறுக்கே வரும். அங்கே ஏற்றத்தில் நடந்து, கோயிலடிக்கு முன்பே திரும்புவதுதான் மரியாதை.

கடற்கரை மணலில் ஓட ஆசை எல்லோருக்கும் வரும், உப்புவெளி, நிலாவெளி என்றால் சொல்லவே வேண்டாம். தளர்ந்த மணலில் ஓட, கெட்டியான தரையில் செலவாகும் சக்தியைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் வேண்டும். குதிகால் புதைவதால் குதிநாண் அளவுக்கு மீறி இழுபடும். தண்ணீரோரம் இறுகிய ஈரமணல் இருக்கிறதே என்பார்கள். நமது கரையில் வற்றுப்பெருக்கு சிறியது, அதனால் அந்த இறுகிய பட்டை ஒடுக்கமானது, கடலை நோக்கிச் சரிந்தும் இருக்கும். ஒரே பக்கமாக ஓடினால் ஒரு கால் எப்போதும் தாழ்வில் விழும். முழங்காலின் வெளிப்பக்கம் குத்தத் தொடங்குவது அதனால்தான். போன தூரமே திரும்பியும் ஓடுங்கள், முதல் மாதத்தில் 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வெறுங்காலில் ஓடுவதானால் முதலில் நடந்து பார்த்து உடைந்த போத்தல், தூண்டில் முள் இல்லையா என்று பாருங்கள்.

வீதியில் வலப்பக்கமாக, வாகனத்துக்கு முகம் கொடுத்து ஓடுங்கள். விடியமுன் போனால் வெளிர் நிறச் சட்டை, கையில் ஒரு ரோச். வாகனத்தை விடக் கட்டாக்காலி மாடுகளைக் கவனியுங்கள். கறுப்பு எருமை இருட்டில் தார்வீதியில் படுத்திருந்தால் மூன்று அடிக்கு முன்தான் தெரியும். நாய் குரைத்துக்கொண்டு வந்தால் ஓட்டத்தை நிறுத்தி நடவுங்கள், கண்ணைப் பார்க்காதீர்கள், புதியவரை நாய்க்கு மறுபக்கம் விடுங்கள். கடித்துவிட்டால் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சின்னக் கீறல் என்று விடக் கூடாது.

தங்கச்சிமார், அக்காமார் ஓட வரும்போது தெருவில் விழும் சொல்லும், "கறுத்துப்போவாய்", "இந்த வயதில் ஏன்" என்ற வீட்டுச் சொல்லும் கெண்டைக்கால் வலியை விடக் கஷ்டம். அதற்குச் செய்யக்கூடிய உதவி நேரத்துக்கு வந்து நிற்பது. 5.15 என்று சொன்னால் 5.10க்கு அவர் வீட்டு ஒழுங்கை முனையில் பழகிய ஒருவர் நிற்க வேண்டும். அம்மாவுக்கும் ஒரு முறை முகம் காட்டிப் பேசி வைத்தால் நல்லது.

வெயிலும் தண்ணீரும்

சூரியன் 6 மணியை ஒட்டி எழும். 5.15க்குத் தொடங்கினால் புதியவரின் முழுப் பயிற்சியும் வெயில் ஏறமுன் முடிந்துவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அது மேற்கிலிருந்து சூடாக வரும். மேற்கே கன்னியாப் பக்கம் ஓடினால் முகத்தில் அடிக்கும், அப்போது பழகியவர் முன்னால் போய்க் காற்றை மறைக்கட்டும். இந்த ஓர் இடத்தில்தான் அவர் முன்னால் ஓடுவது உதவி. திரும்பும்போது காற்று முதுகில். சுகமாக இருக்கும் என்று எண்ணுவோம், ஆனால் உடம்போடு சேர்ந்தே காற்றும் வருவதால் வியர்வை உலராது, சூடு கூடும். ஆகவே வேகத்தைக் குறையுங்கள்.

வெளியூரில் இருந்து வந்தவருக்கும், மழைக்காலம் முழுக்க வீட்டுக்குள் இருந்தவருக்கும் வெக்கை பழக 10 முதல் 14 நாள் வேண்டும். அந்த நாட்களில் நேரத்தைப் பாதியாக்குங்கள்.

45 நிமிடத்துக்குள் முடியும் ஓட்டத்துக்கு முன்கூட்டி ஒரு கோப்பை தண்ணீர் போதும். ஒரு மணிக்கு மேல் போனால் மணிக்கு 400 முதல் 800 மில்லிலீற்றர். உங்கள் அளவைத் தெரிந்துகொள்ள, ஓடமுன்னும் ஓடியபின்னும் ஈர உடுப்பைக் கழற்றி நிறை பாருங்கள். 1 கிலோ குறைந்தால் ஏறக்குறைய 1 லீற்றர் வியர்வை போயிருக்கிறது. ஓடி முடித்ததும் இளநீர் நல்லது, அதில் பொட்டாசியம் நிறைய. ஆனால் வியர்வைத் தண்ணீரோடு கரைந்து போவது பெரும்பாலும் உப்பு, இளநீரில் அது குறைவு. சாப்பாட்டில் உப்பு வர வேண்டும். நீண்ட ஓட்டத்துக்கு ஜீவனி என்ற உப்பு-சீனிக் கரைசல் தூளைக் கரைத்தால் ஒரு பைக்கற்றுக்குச் சரியாக 1 லீற்றர் தண்ணீர். அரை லீற்றரில் கெட்டியாகக் கரைத்தால் வயிற்றைக் கலக்கும்.

ஒருவர் ஓட்டத்தில் தள்ளாடினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், அது வெப்பத்தாக்காக இருக்கலாம். ஓட்டோ தேடி நேரம் போக்காதீர்கள். முதலில் நிழல், உடம்பு முழுக்கக் கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ ஊற்றி விசிறுவது, கூடவே 1990 அம்புலன்சுக்கு அழைப்பு. குளிர்விப்பது முதல், கொண்டுபோவது அடுத்தது. நினைவு தடுமாறியவருக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, கடலுக்குள்ளும் இறக்கக் கூடாது.

வலி என்றால் கேட்க வேண்டியவை

"நோகுது அண்ணா" என்று ஒருவர் சொன்னதும் "அது சரியாகிடும்" என்று சொல்ல வேண்டாம். நான்கு கேள்வி கேளுங்கள். ஒரே விரலால் தொட்டுக் காட்ட முடியுமா, இல்லை உள்ளங்கையால் தடவித்தான் காட்ட முடியுமா? ஓட ஓடக் கூடுகிறதா, குறைகிறதா? நொண்ட வைக்கிறதா? காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது எப்படி?

கணைக்காலின் உள்விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்கு மந்தமாக நோவு, ஓடத் தொடங்கும்போது இருந்து சூடேறியதும் குறைகிறது என்றால் சுமை கூடிவிட்டது. ஓட்ட நேரத்தைப் பாதியாக்கி, படிக்கட்டில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சி 15 வீதம் 3 தடவை, ஒன்றுவிட்டு ஒரு நாள் செய்தால் பெரும்பாலும் ஆறும். அதே எலும்பில் ஒரு ரூபாக் குற்றி அளவு இடத்தில் விரல் வைத்தால் துடிக்கிறது, இரவிலும் நோகிறது என்றால் எலும்பில் நுண்கீறலாக இருக்கலாம். அன்றே ஓட்டம் நிறுத்தி வைத்தியரிடம் போக வேண்டும், இதில் ஊக்கம் கொடுப்பது தீங்கு. தசை முழுக்கப் பாரமாக, இரண்டு காலிலும் ஒரே மாதிரி, இரண்டாம் நாள் கூடி மூன்றாம் நாள் குறைவது சாதாரண உடம்புநோவு. அதற்கு நடந்தால் போதும்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓட வேண்டாம். டைக்குளோபெனாக், ஐபுபுரூபன் போன்றவை வெக்கையில் தண்ணீர் வற்றிய சிறுநீரகத்தைத் தாக்கும். காய்ச்சல் இருந்தால் ஓட்டமே இல்லை. டெங்கு வந்து போனவருக்குக் களைப்பு சில கிழமைகள் நீடிக்கும், வைத்தியர் சரி என்ற பிறகு முதல் கிழமைத் திட்டத்திலிருந்தே தொடங்கட்டும்.

விலாவில் குத்துவது ஆபத்தில்லை. நடையாக்கி, குத்தும் இடத்தைக் கையால் அழுத்தி, நீளமாக மூச்சை வெளியே விடுங்கள். ஓட்டத்துக்கு இரண்டு மணிக்குள் வயிறு முட்டச் சாப்பிட்டால் அடிக்கடி வரும். விடிய எழும்பி ஓடுவதற்கு ஒரு வாழைப்பழமும் தேத்தண்ணியும் போதும். தொடை உரசினால் முதல்நாளே தேங்காயெண்ணெய் அல்லது வாசலீன். பெருவிரல் நகம் கறுத்தால் சப்பாத்து சின்னது, முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் வேண்டும்.

சொல்லும் சொல்

கால் கனத்துப்போனவரிடம் "இன்னும் கொஞ்சம்தான்" என்று சொல்லி ஒன்றரைக் கிலோமீற்றர் இழுத்தால், அடுத்த முறை அவர் உங்கள் சொல்லை நம்பமாட்டார். கண்ணுக்குத் தெரியும் இடத்தைக் காட்டுங்கள்: "அந்த மூன்றாவது லைட் கம்பம் வரைக்கும் ஓடுவம் அக்கா, அதில இருந்து நடப்பம்." மூன்றாவது கம்பம் வந்ததும் சொன்னபடி நடக்க வேண்டும். அவர் "இன்னும் ஓடலாம்" என்றாலும் அன்றைக்கு நடையே. உடம்பில் நிறை குறைந்ததா கூடியதா என்று பேச வேண்டாம். "முதல் கிழமையில ஒரு நிமிசத்துக்கு மூச்சு வாங்கினீங்க, இண்டைக்கு நாலு நிமிசம் கதைச்சுக்கொண்டு ஓடினீங்க" என்று நடந்ததையே சொல்லுங்கள். அதற்காகவே ஒரு கொப்பியில் நாள், நிமிடம், எங்கே நொந்தது என்று மூன்று விடயம் எழுதி வையுங்கள்.

பழகியவர் சோர்ந்தால்

பழகியவர் சோர்வைச் சொல்லமாட்டார், புதியவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். காலையில் எழும்பமுன் படுக்கையிலேயே பழகியவர் தன் நாடியை எண்ணட்டும். வழக்கத்தை விட 5 முதல் 10 துடிப்பு கூடி, அது இரண்டு மூன்று நாள் நீடித்தால், நித்திரையும் குறைந்தால், அவருக்கு ஓய்வு வேண்டும். "அண்ணா, இண்டைக்கு நாடி எவ்வளவு?" என்று கேட்கத் தம்பிமார் கூச்சப்படத் தேவையில்லை. இன்னொரு உதவி, பின்னாலிருந்து போனில் 10 செக்கன் வீடியோ எடுப்பது. ஓட்டத்தின் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று. முடிவில் இடுப்பு ஒரு பக்கம் தாழ்ந்தால், ஒரு பாதம் மட்டும் வெளிப்பக்கம் திரும்பினால், களைப்போ பழைய காயமோ அங்கே வெளித்தெரியும்.

காயத்தால் மூன்று நான்கு கிழமை நின்றவர் திரும்பி வரும்போது முன்பு ஓடிய தூரத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. இது அவருக்குத் தெரியும். ஆனாலும் மூச்சு நன்றாக இருப்பதால் மூன்றாம் நாளே பழைய வேகத்துக்குப் போவார், தசைநார் திரும்பக் கிழியும். முதல் கிழமைப் புதியவருக்குப் போட்ட அதே ஓட்டமும் நடையும் திட்டத்தை அவருக்கும் இரண்டு கிழமை போடுங்கள். "நடை" என்று புதியவர் சொன்னால் அவர் நடக்க வேண்டும். அந்த இரண்டு கிழமையும் கைக்கடிகாரம் புதியவரின் கையிலேயே இருக்கட்டும்.