நெடும்பயண மோட்டார் சைக்கிளுக்கு நீடித்து உழைக்கும் டயர்: தெரிவின்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பஞ்சிகாவத்தைக்கு டயர் வாங்கப் போகிறவர்களில் பெரும்பாலானோர் கடைக்காரரிடம் முதலில் கேட்பது, ‘இது எத்தனை கிலோமீற்றர் ஓடும்?’ என்பதைத்தான். தார் வீதியிலும் மண் பாதையிலும் நெடுந்தூரம் ஓடச் செய்யப்பட்ட அட்வெஞ்சர் டூரிங் வகை மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் அதே கேள்வியை இன்னும் கூடுதலான கவலையோடு கேட்கிறார்கள். அவற்றுக்குப் பொருந்தும் 19 அங்குல, 21 அங்குல முன் டயர்கள் எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை சாதாரண டயரைப் போல இருப்பதில்லை. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். தெரிவில் நேரும் ஏனைய தவறுகளில் பெரும்பாலானவை அந்த முதற் கேள்வியிலிருந்தே கிளைக்கின்றன என்பதே இப்போது என் உறுதியான எண்ணம். டயரின் ஆயுள் என்பது அதன் வரிப்பள்ளங்கள் மறையும் நாள்வரை உள்ள காலம் என்று நாம் கணக்கிடுகிறோம். நனைந்த வீதியில், பாரத்தோடு வளைவில் சரியும்போது அதை நம்பக்கூடிய கடைசி நாள்வரை உள்ள காலமே அதன் ஆயுள் என்று கொண்டால், வாங்கும் டயரும் மாறும், அதைப் பேணும் விதமும் மாறும்.

ஒரே டயர் ஒருவருக்கு ஓடும் தூரத்தில் பாதிகூட இன்னொருவருக்கு ஓடாமற் போவது உண்டு. வண்டியின் எடை, ஏற்றும் பாரம், வேகம், பிரேக் பிடிக்கும் பழக்கம், வீதியின் மேற்பரப்பு, வெயில் எல்லாம் அதைத் தீர்மானிக்கின்றன. வெளிநாட்டில் ஒருவர் சொன்ன கணக்கை இங்கே எதிர்பார்ப்பது ஆகவே முதல் தவறு. நம் நாட்டில் அதிவேக நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. கொழும்பிலிருந்து புத்தளம், அநுராதபுரம், வவுனியா வழியாக யாழ்ப்பாணம் போகிறவர், ஏறத்தாழ 400 கிலோமீற்றரையும் சாதாரண வீதியில், பெரும்பகுதி நேராக, வெயிலில் கொதிக்கும் காபட் மேல் ஓட்டுகிறார். அவருடைய பின் டயர் நடுவில் தேய்ந்து சப்பையாகும். மாதம் இருமுறை ஹற்றன் பக்கமோ பதுளைப் பக்கமோ ஏறி இறங்குகிறவருக்குத் தோள்பகுதிகள், அதாவது நடுப்பகுதியின் இரு பக்கமும் உள்ள ஓரங்கள், தேயும். காலி வீதி நெரிசலில் நாளாந்தம் நின்று நின்று ஓடுகிறவருக்குத் தேய்வு வேறொரு விதமாக இருக்கும்.

ஆகவே புதிய டயரைப் பார்க்கப் போகுமுன் பழைய டயரை நிதானமாகப் பாருங்கள். நடுப்பகுதி மட்டும் தட்டையாகியிருந்தால், உங்கள் ஓட்டம் நேர் வீதியில் அதிகம், அல்லது காற்று அளவுக்கு மிஞ்சி இருந்திருக்கிறது. உள்ளங்கையை முன் டயரின் மேல் வைத்து முதலில் ஒரு திசையிலும் பின்னர் எதிர்த் திசையிலும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் அரத்தின் பல்லைப் போலவும் உணர்ந்தால், வரிக் கட்டைகள், அதாவது பள்ளங்களுக்கு இடையே உயர்ந்து நிற்கும் இறப்பர்த் துண்டுகள், ஒருபக்கமாகத் தேய்ந்திருக்கின்றன என்று பொருள். காற்றுக் குறைவு, தளர்ந்த சஸ்பென்ஷன், தார் வீதிக்குப் பொருந்தாத வரிவடிவம் ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று அதற்குக் காரணமாக இருக்கும். அதைத் திருத்தாமல் எவ்வளவு விலையுயர்ந்த டயரைப் போட்டாலும் அதே கதிதான்.

மூன்றாவதாகச் சொன்ன காரணம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. வண்டிக்குக் கம்பீரமான தோற்றம் வேண்டும் என்பதற்காக ஒரு காலத்தில் பெரிய கட்டைகள் கொண்ட, சேற்று வழிக்கு ஏற்ற டயர்களைப் போட்டிருந்தேன். நான் போன பாதைகளில் பெரும்பகுதி தார்தான். கிரவல் பாதை எப்போதாவது ஒரு தோட்டத்துக்குள் நுழையும்போது வரும் கடைசி சில கிலோமீற்றர் மட்டுமே. ஒரு யூன் மாதக் காலை, அவிசாவளை தாண்டி கித்துல்கலை வளைவுகளில் மழை பிடித்துக்கொண்டது. சரிந்து திரும்பும்போது பின் சில்லு வீதியின் வெள்ளைக் கோட்டில் ஏறி, ஒரு கணம் வெளிப்பக்கமாக நழுவிப் பின்னர் பிடித்துக்கொண்டது. விழவில்லை. ஆனால் பின்னால் இருந்த என் தம்பி கினிகத்தேனையில் தேநீர் குடிக்கும்வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்தப் பின் டயர் 7,000 கிலோமீற்றரைத் தொடுமுன்பே தீர்ந்துபோயிற்று. காரணம் எளிது: உயரமான கட்டைகள் தாரின் மேல் பாரத்தால் வளைந்து நெளிகின்றன, நெளிவு சூட்டை உண்டாக்குகிறது, சூடு இறப்பரைத் தின்கிறது. வீதியைத் தொடும் இறப்பரின் பரப்பும் குறைவு. கொன்டினென்டல் டீ.கே.சி. 80 போன்ற பெரிய கட்டை டயர்கள் மண் பாதைக்காகச் செய்யப்பட்டவை. அங்கே அவை தரும் பிடிப்பு உயர்வானது. ஆண்டுக்கு ஒரு முறை மண்ணில் இறங்குகிறவர் அதற்காக மற்றைய நாட்களின் பிடிப்பையும் ஆயுளையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. மெட்செலர் டூரன்ஸ் நெக்ஸ்ட் 2, பிரெல்லி ஸ்கோர்ப்பியன் ட்ரெயில் 2, பிரிட்ஜ்ஸ்டோன் பேட்லக்ஸ் ஏ41 போன்ற, வீதியை முதன்மையாகக் கொண்ட வரிசைகள் இந்த வகை வண்டிகளுக்கென்றே இருக்கின்றன.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. நீடித்து உழைக்க வேண்டும் என்பதற்காக, கடையில் டயரை நகத்தால் அழுத்திப் பார்த்து, ‘இது கல் மாதிரி இருக்கிறது, நன்றாக ஓடும்’ என்று முடிவு செய்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். நகத்துக்குத் தெரிவது அந்த இடத்தின், அந்த நேரத்துச் சூட்டின் கடினம் மட்டுமே. பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்து இறுகிய டயரும் நகத்துக்குக் கல் மாதிரித்தான் இருக்கும். 1876இல் கம்பஹாவின் ஹெனரத்கொடையில் இறப்பர்க் கன்றுகளை நட்ட நாள் தொட்டு இறப்பரோடு வாழும் நாடு நம்முடையது. ஆனாலும் டயர் வெறும் இறப்பர்ப் பால் அன்று என்பது பலருடைய நினைவில் இருப்பதில்லை. இயற்கை இறப்பர் கிழியாத உறுதியைத் தருகிறது, நெளியும்போது குறைவாகவே சூடேறுகிறது. செயற்கை இறப்பரும் அதில் கலக்கும் சிலிக்கா என்ற நுண்தூளும் ஈரமான வீதியில் பிடிப்பைக் கூட்டுகின்றன. வெறும் கடினத்தால் ஆயுளைக் கூட்டிய மலிவான டயர், வைகாசி மழையிலும் ஐப்பசி இடிமழையிலும் அந்த ஆயுளுக்கான விலையை நம்மிடம் கேட்கும். நல்ல பயண டயர்கள் பலவற்றில், குறிப்பாகப் பின் டயர்களில், நடுப்பகுதிக்குத் தேய்வைத் தாங்கும் கலவையும் தோள்பகுதிகளுக்கு மென்மையான கலவையும் சேர்த்தே வார்க்கப்படுகின்றன. நேர் வீதியில் நடுப்பகுதி உழைக்கிறது, கடுகண்ணாவ வளைவில் தோள்பகுதி பிடித்துக்கொள்கிறது. கொழும்பிலிருந்து வடக்குக்கும் மலைநாட்டுக்கும் போய்வருகிறவருக்கு இவ்வகையே ஏற்றது என்பது என் கருத்து.

அடுத்தது, தயாரித்த காலத்தைப் பார்க்காமல் வாங்குவது. டயரின் பக்கச்சுவரில் டொட் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் இறுதியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே இந்த நான்கு இலக்கங்களும் முழுமையாக இருக்கும். ஆகவே டயரைத் திருப்பிப் பார்க்கத் தயங்க வேண்டாம். ஒரு கடையில் நான் திருப்பிப் பார்த்தபோது, வேலை செய்யும் பையன், ‘அண்ணே, முடிகூட இன்னும் போகல்ல, புத்தம் புதுசு’ என்று டயரில் நீட்டிக்கொண்டிருந்த இறப்பர் இழைகளைக் காட்டினான். அந்த இழைகள், டயர் வீதியில் ஓடவில்லை என்பதற்குத்தான் சான்று. அந்த டயரின் வயதோ ஆறு ஆண்டுகள். அதிகம் விற்பனையாகாத அளவுகளில்தான் பழைய இருப்பு தேங்கும், நம் வண்டிகளின் அளவுகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவையே. மிச்செலின் நிறுவனம், பாவனையில் ஐந்து ஆண்டுகள் கடந்த டயரை ஆண்டுதோறும் தேர்ச்சியுள்ளவரிடம் காட்டும்படியும், தயாரித்துப் பத்து ஆண்டுகள் ஆனதை எந்த நிலையில் இருந்தாலும் மாற்றும்படியும் சொல்கிறது. மெதுவாகத் தேயும் டயரை வாங்குகிறவருக்கு இது இரட்டிப்பு முக்கியம்: குறைவாக ஓடுகிறவரிடம் அந்த டயர் தேயுமுன் முதுமையடைந்துவிடும்.

அளவையும் பாரச் சுட்டெண்ணையும் வண்டியின் கைநூலோடு ஒப்பிட வேண்டும். ‘150/70 ஆர்17 69வீ’ என்பதில் 69 என்ற எண், உரிய காற்றழுத்தத்தில் அந்த டயர் 325 கிலோகிராம் வரை தாங்கும் என்று சொல்கிறது. முன் டயரில் வரும் 59 என்பது 243 கிலோகிராம். இறுதியிலுள்ள ‘வீ’ வேக வரம்பின் குறி. கொஞ்சம் மலிவாகக் கிடைக்கிறது என்று கைநூல் சொல்வதைவிடக் குறைந்த சுட்டெண்ணுள்ள டயரைப் போட்டுவிட்டு, பின்னால் ஒருவரையும் மூன்று பெட்டிகளையும் ஏற்றுவது, டயரின் ஆயுளை மட்டும் குறைக்கும் விடயம் அன்று. ‘ஆர்’ என்ற எழுத்து ரேடியலை, அதாவது உள்ளிழைகள் குறுக்காக நேரே ஓடும் டயரை, குறிக்கும். அந்த இடத்தில் வெறும் கோடு இருந்தால் அது உள்ளிழைகள் சாய்வாக ஓடும் பயஸ் வகை. வண்டியைச் செய்தவர் அனுமதித்தால் அன்றி முன்னுக்கு ஒன்றும் பின்னுக்கு மற்றொன்றும் போடக் கூடாது. அகலமான பின் டயர் அதிகம் உழைக்கும் என்பதும் பிழையான நம்பிக்கை: ஒடுக்கமான ரிம்மில் அகலமான டயரைத் திணித்தால் அதன் வளைவு கூர்மையாகி, வீதியைத் தொடும் பகுதி மாறிப்போகும். கம்பிச் சில்லு உள்ளவர்கள், தங்கள் ரிம் டியூப் இல்லாமல் ஓடக்கூடியதா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

எல்லாவற்றையும் சரியாகப் பார்த்து வாங்கிய டயரைக் கொல்வது பெரும்பாலும் காற்றுதான். காற்றுக் குறைந்தால் பக்கச்சுவர் நெளிந்து சூடேறும், தோள்பகுதி தேயும். கூடினால் நடுப்பகுதி மட்டும் வீதியில் உராய்ந்து விரைவில் சப்பையாகும். கைநூலில் உள்ள அளவு குளிர்ந்த டயருக்கு உரியது. சுசுகி வீ-ஸ்ட்ரோம் 650க்குத் தனியாக ஓட்டும்போது முன்னுக்கு 33, பின்னுக்கு 36 பீ.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு); பின்னால் ஆள் ஏறினால் பின் டயருக்கு 41. இந்த ஐந்து பீ.எஸ்.ஐ. வித்தியாசத்தைப் பொருட்படுத்தாமல் குடும்பத்தோடு நல்லூர்த் திருவிழாவுக்குப் போய்வருகிறவரின் பின் டயர், அந்த ஒரே பயணத்தில் வழமையைவிட அதிகம் சூடேறித் தேய்கிறது. இன்னொரு பிழை, புத்தளத்தில் மதிய வெயிலில் எரிபொருள் நிரப்பும்போது அளந்து பார்த்து, ‘கூடிவிட்டது’ என்று காற்றை வெளியேற்றுவது. வெப்பநிலை 10 பாகை கூடினால் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை பீ.எஸ்.ஐ. கூடுவது இயல்பு, இரவில் குளிர்ந்ததும் அந்த டயர் குறைந்த காற்றோடு நிற்கும்.

நுவரெலியாவுக்குப் போகும்போது காற்றைக் குறைக்க வேண்டுமா, கூட்டவேண்டுமா என்று நண்பர்களிடையே எப்போதும் விவாதம் வரும். ஒருமுறை நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். கொழும்பில் 30 பாகையில் 36 பீ.எஸ்.ஐ. வைத்த டயர், அங்கே அதிகாலையின் 12 பாகையில் குளிர்வதால் ஏறத்தாழ மூன்று பீ.எஸ்.ஐ. இழக்கும். ஆனால் 1,868 மீற்றர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் ஏறத்தாழ அதே அளவு குறைந்திருப்பதால், அளவுமானி மறுபடி 36ஐ அண்மித்தே காட்டும். எதையும் தொடவேண்டியதில்லை. சொந்தமாக ஒரு நல்ல அளவுமானி வாங்கி வைத்திருப்பது நல்லது; பெற்றோல் நிலையங்களின் மானிகள் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றன.

டயர் மாற்றும் நாளில் கவனிக்க வேண்டியவை சில. சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி சரியான பக்கம் இருக்கிறதா, சில்லு சமநிலைப்படுத்தப்பட்டதா, டியூப் இல்லாத சில்லாயின் வால்வும் மாற்றப்பட்டதா என்று நின்று பாருங்கள். வண்டி கழுவும் இடங்களில் டயருக்குப் பளபளப்புத் திரவம் பூச அனுமதிக்காதீர்கள். அது காரின் பக்கச்சுவருக்கு அலங்காரம், சரிந்து ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு வழுக்கல். புதிய டயரில் முதல் 150 கிலோமீற்றரையாவது, படிப்படியாகச் சரிவைக் கூட்டி, நிதானமாக ஓட்ட வேண்டும்.

பின் டயர் முன் டயரைவிட விரைவில் தேய்வதால், பலர் பின்னுக்கு மட்டும் இரண்டு, மூன்று முறை மாற்றிக்கொண்டு போகிறார்கள். தேய்வு சீராக இருந்தால் அது பெரிய குற்றமில்லை. ஆனால் மழையில் முதலில் நீரை வெட்டி வழிவிடுவது முன் டயர். பள்ளம் குறைந்த முன் டயரோடு மழைக்காலத்துக்குள் போகக் கூடாது. பள்ளங்களுக்குள் இருக்கும் தேய்வுக்குறி மோட்டார் சைக்கிள் டயர்களில் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் உயரமே. அதைத் தொடும்வரை காத்திருந்தால், நீரை வெளியேற்றும் திறன் அதற்கு வெகு முன்பே குறைந்திருக்கும். நான் ஒவ்வொரு செப்டெம்பரிலும் இரு டயர்களின் பள்ளத்தையும் மூன்று இடங்களில் அளந்து, கிலோமீற்றர்க் கணக்கோடு கொப்பியில் எழுதிவைக்கிறேன். இரண்டு மில்லிமீற்றருக்குக் கீழே போயிருந்தால், இன்னும் ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீற்றர் ஓடக்கூடியதாக இருந்தாலும், ஒக்டோபர் மழை தொடங்குமுன் அதைக் கழற்றிவிடுகிறேன்.