பூவரசங்கிளையில் தொடங்குங்கள்: முதல் ஹெர்பேரியம் மாதிரி செய்யும் முறை

போல் ஹெர்மன் என்ற மருத்துவர் 1672 முதல் 1677 வரை இலங்கையில் பறித்து உலர்த்திய செடிகள் இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இப்படி உலர்த்தித் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் செடித் தொகுப்புதான் ஹெர்பேரியம். இலங்கைக்கே வராத சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ், அந்தத் தாள்களைக் கொண்டுதான் இத்தீவின் தாவரங்களைப் பற்றி 1747இல் ஒரு நூல் எழுதினார். சரியாக உலர்த்திய கிளைக்கு அவ்வளவு ஆயுள் உண்டு. வீட்டிலேயே ஒன்று செய்து பார்ப்போம்.

முதல் மாதிரிக்குப் பூவரசு போதும்; வேலியிலேயே நிற்கும். அனுமதி பெறாமல் காட்டுச் செடியைத் தொடாதீர்கள். இலங்கையின் பூக்கும் தாவரங்களில் ஏறத்தாழக் கால் பங்கு உலகில் வேறெங்கும் இல்லாதவை.

1. கிளை வெட்டுதல்
காலையில் போங்கள். மஞ்சளாக விரியும் பூ மாலைக்குள் சிவந்து வாடிவிடும். மொட்டு, பூ, கிடைத்தால் காயும் உள்ள கிளையை ஏறத்தாழ 35 செ.மீ. நீளத்தில் வெட்டுங்கள். வெறும் இலையை வைத்து இனத்தை உறுதிசெய்வது கடினம்.

2. குறிப்பு எழுதுதல்
மரத்தடியிலேயே நின்று பென்சிலால் எழுதுங்கள்; நனைந்தாலும் அழியாது. வரிசை எண், தேதி, உங்கள் பெயர், ஊர், அறியாத ஒருவரும் தேடி வரக்கூடிய அளவுக்கு இடத்தின் விவரம், மரத்தின் உயரம், பூவின் நிறம். உலர்ந்ததும் பூ பழுப்பாகிவிடும்; அதன் மஞ்சள் உங்கள் குறிப்பில் மட்டுமே மிஞ்சும்.

எண் விஷயத்தில் நான் மிகவும் கண்டிப்பானவன். பேராதனைத் தாவரவியல் பூங்காவை 1849 முதல் 1880 வரை நடத்திய துவைட்ஸ் பெரும் உழைப்பாளி. ஆனால் அவர் செடிகளுக்கு இட்ட ‘சி.பி.’ (சிலோன் பிளாண்ட்ஸ்) எண்கள் இனத்துக்கு ஒன்றாக இடப்பட்டவை. வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு ஆட்கள் பறித்தவையும் ஒரே எண்ணுக்குள் சேர்ந்துவிட்டன. குறிப்பிட்ட ஒரு தாளில் உள்ள கிளை எந்த மலையிலிருந்து வந்தது என்று தேடும் ஆய்வாளர்கள் இன்றும் திண்டாடுகிறார்கள். ஒருமுறை பறித்தால் ஓர் எண். அந்த எண் மறுபடி வரக் கூடாது.

3. அழுத்துதல்
கிளையைப் பத்திரிகைத் தாளுக்குள் விரியுங்கள். ஓரிரு இலைகளைத் திருப்பி வையுங்கள்; அடிப்பக்கமும் தெரிய வேண்டும். காய் தட்டையாகாது. அதைத் தனியே உலர்த்தி, அதே எண்ணிட்ட காகித உறையில் போடுங்கள். தாள்களுக்கு இடையே அட்டை வைத்து, இரண்டு பலகைகளுக்கு நடுவில் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள்.

4. உலர்த்துதல்
பொறுமை வேண்டியது இங்கேதான். நம் ஈரக்காற்றில் இரண்டு நாள் கவனிக்காமல் விட்டாலே பூஞ்சணம் பிடித்துவிடும். முதல் வாரம் தினமும் தாளை மாற்றுங்கள். இலையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள்; குளிர்ச்சி தெரிந்தால் ஈரம் இன்னும் போகவில்லை.

5. ஒட்டுதல்
ஏறத்தாழ 42 × 28 செ.மீ. அளவுள்ள, அமிலமற்ற தடித்த தாளில் வெள்ளைப் பசையால் ஒட்டி, தண்டை நூலால் தைத்துவிடுங்கள். செலோடேப் வேண்டாம், மஞ்சளாகி உரிந்துவிடும். வலது கீழ்மூலையில் விவரச்சீட்டு.

6. பூச்சி நீக்குதல்
பொலித்தீன் பையில் காற்றுப் புகாமல் மூடி, உறைபெட்டியில் (ஃப்ரீசரில்) ஒரு வாரத்துக்குக் குறையாமல் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்தால்தான் தாளில் நீர் படியாது.

அடுத்த மாதம் அதே மரத்தில் காய் முற்றியதும் இன்னொரு கிளை வெட்டுங்கள். மரம் ஒன்றுதான், ஆனாலும் அந்தக் கிளையின் எண் 2.