வளவுத் தரையில் மூன்றடி பட்டிங்

கோல்ஃப் வீரர் ஜாக் நிக்லாஸ் வென்ற மேஜர் (உச்சப் போட்டி) பட்டங்கள் 18. இரண்டாம் இடத்தோடு திரும்பியவை 19. கோல்ஃபில் மாமன்னர்களுக்கே கணக்கு இப்படித்தான். தவறை மறந்துவிடுவதைவிட எழுதி வைப்பது நல்லது. பட்டிங், அதாவது குழியை நோக்கிப் பந்தை உருட்டி அடிப்பது, பழக மைதானம்கூட வேண்டாம், காரைக்குடிப் பக்கத்து வளவு (முற்றத்தைச் சுற்றிய கூடம்) போதும்.

ஆத்தங்குடிக் கல்லில் பந்து வழுக்கி ஓடும். அதனால் ஜமுக்காளத்தைச் சுருக்கமில்லாமல் விரித்து, அதன் ஓரத்தைக் கற்களின் இணைப்புக் கோட்டோடு பொருத்துங்கள். முற்றத்தை நோக்கித் தரை லேசாகச் சரிந்திருக்கலாம். பந்தை உருட்டிப் பார்த்து, ஒதுங்கினால் இடத்தை மாற்றுங்கள்.

குழியின் அகலம் 10.8 செ.மீ. அந்த அளவில் வட்டக் காகிதம் ஒன்றை மூன்றடி தள்ளி ஒட்டுங்கள். பந்துக்கு ஓரடி முன்னால் இரண்டு நாணயங்களை 5 செ.மீ. இடைவெளியில் வையுங்கள். பந்தின் விட்டம் 4.27 செ.மீ.தான், பட்டரின் (பட்டிங் மட்டையின்) முகம் சற்றுத் திரும்பினாலும் பந்து இடைவெளியின் நடுவை விட்டு விலகுவது தெரியும். பத்தடித் தூரத்தில் ஒரு டிகிரி திருப்பமே பந்தைக் குழியின் விளிம்புக்குத் தள்ளிவிடும்.

தினம் 50 பந்துகள். ஒவ்வொரு தவறையும் ஐந்தொகை எழுதும் கண்டிப்போடு குறித்து வையுங்கள்: இடமா, வலமா, குறைவா? வலக்கை ஆட்டக்காரருக்கு இடப்பக்கம் போனால் முகம் மூடியிருக்கிறது (இடப்பக்கம் திரும்பியிருக்கிறது), வலப்பக்கம் போனால் திறந்திருக்கிறது (வலப்பக்கம் திரும்பியிருக்கிறது). குறைவாக நின்றால் பெரும்பாலும் அடிக்கும்போது கை தயங்கியிருக்கும். ஒரே பக்கத் தவறு திரும்பத் திரும்ப வந்தால் பிடியைப் பாருங்கள். 50-க்கு 45 தேறிய பிறகே நான்கடிக்குப் போங்கள்.